காரிமங்கலம் அருகே பழைய கல்குவாரிச் சுவரில் தெரியும் அடுக்குகள்: இங்கே புதைபடிவம் கிடைக்குமா?

காரிமங்கலம் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் ஊருக்கு அருகே, வேலை நின்று பல ஆண்டுகளாகக் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று உள்ளது. அதன் ஒரு பக்கச் சுவர் செங்குத்தாக வெட்டப்பட்டிருப்பதால், மேல்மண் முதல் அடிப்பாறை வரை முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. புதைபடிவங்கள் படிவுப்பாறை அடுக்குகளுக்குள் கிடைக்கும் என்று பாடநூலில் படித்த மாணவர்கள், அந்தச் சுவரில் அடுக்குகளைக் கண்டவுடன் அங்கே புதைபடிவமும் இருக்கும் என்று முடிவு செய்து, கற்களைப் பொறுக்கிக்கொண்டு வரத் தொடங்கிவிட்டார்கள்.

நான் கண்டவற்றைச் சொல்கிறேன். சுவரின் மேற்பகுதியில் ஏறத்தாழ கிடைமட்டமான கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செல்கின்றன; அவற்றுக்கு இடையே உள்ள பாறைப் பலகைகள் மேலே மெல்லியவையாகவும் கீழே செல்லச் செல்லத் தடித்தவையாகவும் இருக்கின்றன. பாறையின் உள்ளேயோ, கறுப்பும் வெள்ளையும் இளஞ்சிவப்புமான பட்டைகள் அலை அலையாக வளைந்து செல்கின்றன. இவை அந்தக் கிடைக்கோடுகளோடு ஒத்துப்போகவில்லை. உடைந்த கல் ஒன்றின் முகத்தில் பெரணி இலை போன்ற கரிய அச்சு இருக்கிறது. மேல்மண்ணில் விரல் பருமனுள்ள வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சுவரின் ஒரு மூலையில் கரும்பாறை மக்கிய இடத்தில் உருண்டைக் கற்கள் பல கிடக்கின்றன. டைனோசர் முட்டை என்று மாணவர்கள் அவற்றுக்கு ஏற்கெனவே பெயர் சூட்டிவிட்டார்கள்.

இவற்றுள் எது உண்மையான அடுக்கு? எது புதைபடிவம்? மாணவர்களிடம் ஆதாரத்தோடு பேச விரும்புகிறேன்.

சேலம் நிலவியல்காரர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பலகைகள் கீழே தடிக்கின்றன என்பதையும், பட்டைகள் கிடைக்கோடுகளோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக் கொடுத்திருப்பதால், நேரில் வராமலேயே பெரும்பகுதியைச் சொல்லிவிட முடிகிறது.

முதலில் பாறையைப் பற்றி. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் நோக்கி வரும் நிலப்பரப்பின் அடித்தளம் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் ஆகிய உருமாறிய பாறைகளால் ஆனது. இவற்றின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். சிர்கான் என்னும் மிகச் சிறிய படிகங்களுக்குள் யுரேனியம் சிதைந்து ஈயமாக மாறியிருக்கும் அளவைக் கொண்டு இந்த வயது கணிக்கப்படுகிறது. இவை ஒரு காலத்தில் நிலமட்டத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் வெந்தவை. தெற்கே செல்லச் செல்ல, இன்னும் கூடுதலான ஆழத்தில் உருமாறிய பாறைகள் மேலே வந்து நிற்கின்றன. புவி மேலோட்டின் அடிப்பகுதியில் நிகழ்வதை மேற்பரப்பில் நடந்தே பார்க்கலாம் என்பதால், கிருஷ்ணகிரி முதல் சேலம் வரையிலான இந்தப் பாதை உலக நிலவியலாளர்களிடையே நன்கு அறியப்பட்ட ஒன்று.

மாணவர்கள் கண்ட வண்ணப் பட்டைகள், நீரில் படிந்த மணலோ களியோ அல்ல. அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறை இளகி, அதன் கனிமங்கள் பிரிந்து வரிசைப்பட்டதால் உண்டானவை. கறுப்புப் பட்டையில் ஹார்ன்பிளெண்டும், நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்லும் கரிய அப்பிரகமும் மிகுந்திருக்கும். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் ஃபெல்ஸ்பாரும் வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) இருக்கும். ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் போதும்: படிவுப்பாறையில் உருண்டு தேய்ந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கும்; இங்கோ படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று பற்களைப் போலக் கோத்துக்கொண்டு இடைவெளியின்றி நிற்கும். மாணவர்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளில் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

ஆகவே அந்த நைஸ் பாறைக்குள் புதைபடிவம் இருக்க வாய்ப்பில்லை. அதற்குக் காரணங்கள் இரண்டு. அவற்றை மாணவர்கள் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. அந்த வெப்பத்தில் எந்த உயிரின் வடிவமும் தப்பாது என்பது ஒன்று. ஓடும் எலும்பும் உள்ள விலங்குகள் பரவலாகத் தோன்றியதே சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்பது மற்றொன்று. ஆனால், அந்தப் பாறை உருவான காலத்தில் உலகில் உயிரே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், நுண்ணுயிர்ப் படலங்கள் கட்டிய ஸ்ட்ரோமாட்டோலைட்டுகள் சுமார் 348 கோடி ஆண்டுப் பழைமை உடையவை. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; கர்நாடகத்தின் சித்திரதுர்கா பகுதியில் குறைவாகவே உருமாறிய பழைய சுண்ணப்பாறைகளிலும் ஸ்ட்ரோமாட்டோலைட்டுகள் உள்ளன. அங்கே பாறை அதிகம் வேகாததால் தடயம் நின்றது. இங்கே முழுவதும் வெந்துவிட்டதால் நிற்கவில்லை.

அந்த உருண்டைக் கற்களைப் பார்ப்போம். கரும்பாறை இருக்கும் மூலையைக் கூர்ந்து பாருங்கள். அது பெரும்பாலும் நைஸ் பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு செங்குத்தாக எழும் டோலரைட் டைக்காக இருக்கும். பாறை பிளந்த இடைவெளியில் கீழிருந்து உருகிய குழம்பு ஏறி உறைந்த சுவர் அது. தென்னிந்தியாவின் பழைய பாறைத்தளமான தார்வார் நிலத்தொகுதியிலுள்ள இத்தகைய டைக்குகளில் பல, சுமார் 237 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஊடுருவியவை. இந்தக் கல் கட்டம் கட்டமாக விரிசல் விட்டு, நீர் புகுந்து, மூலைகள் முதலில் மக்கி, நடுவில் உருண்டையாக எஞ்சும். உருண்டையைச் சுற்றி மக்கிய பகுதி வெங்காயத் தோல் போல உரியும். ஒன்றைத் தட்டி உடைத்தால் உள்ளே முழுவதும் அதே கரிய கல்லே இருக்கும், ஓடும் இல்லை, கருவும் இல்லை.

பர்கூர் கல்வேலைக்காரர் எழுதியது:

அம்மா, வணக்கம். நான் படித்த நிலவியலாளன் அல்லன். பர்கூர், ஜெகதேவி பகுதிக் கிரானைட் குவாரிகளில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்தவன். கிடைக்கோடுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவை அடுக்குகள் அல்ல. பாறையில் விழுந்த விரிசல்கள். மேலே இருந்த மலை தேய்ந்து, சுமை குறையக் குறைய, அடியில் அழுந்திக் கிடந்த பாறை சற்றே விரிந்து, நிலமட்டத்துக்கு இணையாகப் பிளந்துகொள்கிறது. மேலே பலகைகள் ஓர் அடி, இரண்டு அடி என்று மெல்லியவையாக இருக்கும். கீழே போனால் ஆள் உயரம்கூட ஒரே பலகையாக வரும். இன்னும் கீழே விரிசலே இராது. கல்லெடுப்பவர்களுக்கு இந்தக் கிடைவிரிசல் பெரிய உதவி, ஏனெனில் கல்லின் அடிப்பக்கத்தை அது இலவசமாக வெட்டிக் கொடுத்துவிடுகிறது. பக்கங்களை மட்டும் நாம் துளையிட்டுப் பிரித்தால் போதும். வண்ணப் பட்டை இந்த விரிசலைத் தாண்டி அதே வளைவில் தொடர்வதைப் பார்த்தீர்களானால், விரிசல் பிற்காலத்தது என்பது தானாகவே விளங்கும்.

நம் மாவட்டங்களில் வயலுக்கு வேலியாக நட்டிருக்கும் கற்பலகைகள், பழைய வீடுகளின் கற்கூரைகள், நடுகற்கள், கிருஷ்ணகிரி பக்கம் மல்லச்சந்திரத்தில் மலைமேல் நிற்கும் கற்திட்டைகள் என்னும் பழங்கால ஈமச்சின்னங்கள் எல்லாமே பெரும்பாலும் இப்படி இயற்கையாகவே பிளந்து நின்ற பலகைகளைப் பெயர்த்து எடுத்தவைதான். பாறையின்மேல் தீமூட்டிச் சூடேற்றிப் பலகையைக் கிளப்பும் முறையும் நம் பக்கத்தில் வழக்கத்தில் இருந்தது.

இன்னொன்று: சுவரில் மேலிருந்து கீழாக, சம இடைவெளியில், அரைக்குழாய் போன்ற பள்ளங்கள் தெரிந்தால் மாணவர்கள் அதையும் மண்புழு சென்ற வழி என்று சொல்லக்கூடும். அவை கல்லைப் பிரிக்கக் கம்ப்ரசர் இயந்திரத்தால் இட்ட துளைகளின் பாதிகள். வளைந்து நெளியும் வண்ணப் பட்டை கொண்ட கல்லை வெளிநாட்டுக்காரர்கள் விரும்பி வாங்குவார்கள். உங்கள் சுவரில் இருப்பதும் அந்த வகைக் கல்லாகவே தோன்றுகிறது.

அரியலூர் வாசகர் எழுதியது:

பெரணி அச்சைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் உண்மையான இலை அச்சுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வேறுபாடு உடனே தெரிந்துவிடும். தெரணியின் வெள்ளைக் களிமண் குழிகளில், டைலோஃபில்லம் என்னும் பழங்காலத் தாவரத்தின் இலை அச்சுகள் கிடைக்கின்றன. அவற்றில் நடுநரம்பு நேராக ஓடும். இருபுறமும் சிற்றிலைகள் ஒரே அளவிலும் ஒரே கோணத்திலும் வரிசையாக இருக்கும். உங்களிடம் உள்ள கல்லில், கிளைகள் கல்லின் விளிம்பிலிருந்தோ ஒரு விரிசலிலிருந்தோ தொடங்கி, ஒழுங்கில்லாமல் பிரிந்து பிரிந்து படர்ந்தால், அது மாங்கனீசு ஆக்சைடு. விரிசலுக்குள் கசிந்த நீர் அந்தக் கறுப்பை அங்கே விட்டுச் சென்றிருக்கிறது. மேற்பரப்பில் மட்டுமே இருக்கும். கல்லை இன்னும் சற்று உட்பக்கமாக உடைத்தால் அங்கே இராது. வீட்டுத் தரையில் பதிக்கும் வெளிர்நிறக் கற்பலகைகளிலும் இதைப் பலமுறை பார்க்கலாம்.

முட்டை விஷயத்தில் மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதி ஏரியில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டைகள் என்று சமூக ஊடகங்களில் செய்தி பரவியது. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, அவை கடல் வண்டலுக்குள் கனிமம் திரண்டு இறுகிய கட்டிகள் என்றும், அம்மோனைட்டுகள் என்னும், சுருள் ஓடு கொண்ட அழிந்துபோன கடல் உயிர்களோடு தொடர்புடையவை என்றும் விளக்கினார்கள். அங்கே கிடந்தவையாவது உண்மையில் கடல் வண்டலில் உருவானவை. உங்கள் குவாரியில் கடல் வண்டலே இல்லை.

மாணவர்களுக்கு மெய்யான புதைபடிவத்தைக் காட்ட வேண்டுமானால் ஒருமுறை இந்தப் பக்கம் அழைத்து வாருங்கள். காரை, உட்டத்தூர் பகுதிகளில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் கடல் உள்ளே வந்திருந்தபோது படிந்த வண்டல் அப்படியே திறந்து கிடக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் உள்ளது. வாரணவாசியில் அருங்காட்சியகமும் இருக்கிறது. ஒரு செய்தி உங்களுக்குப் பிடிக்கலாம்: எங்கள் சிப்பிகளுக்கும் அம்மோனைட்டுகளுக்கும் அடியில் தோண்டிக்கொண்டே போனால், கடைசியில் வந்து முட்டுவது உங்கள் குவாரியில் உள்ள அதே வகை நைஸும் சார்னோக்கைட்டும்தான். கிரெட்டேசியக் கடலுக்குக் கரையாகவும் தரையாகவும் இருந்தவை அந்தப் பாறைகளே.

காரிமங்கலம் ஆசிரியை எழுதியது:

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. மாணவர்களோடு சேர்ந்து பார்த்தோம். உருண்டைக் கல்லின் உள்ளே கரிய கல்லே இருந்தது. கரிய அச்சு விரிசல் முகத்தில் மட்டுமே இருந்தது. வண்ணப் பட்டை கிடைவிரிசலைத் தாண்டி முறியாமல் தொடர்கிறது.

ஆனால் புதிய ஐயம் ஒன்று எழுந்திருக்கிறது. மேல்மண்ணில் கிடைத்த வெள்ளைக் குழாயின்மேல், பள்ளி ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டபோது நன்றாகப் பொங்கியது. குழாயின் நடுவே சிறிய துளை இருக்கிறது. அதே அமிலம், பாறைக்குள் தாள் போல மெல்லியதாக ஓடும் ஒரு வெள்ளைக் கோட்டின்மேலும் பொங்கியது. சுண்ணாம்புக்கல் என்றால் கடல் என்றுதானே பாடநூல் சொல்கிறது என்று ஒரு மாணவி கேட்கிறாள். நியாயமான கேள்வி.

அத்துடன், சுவரின் மேல்விளிம்பில் மண் சரிந்த இடத்தில், ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் மழுங்கியும் உள்ள, வழவழப்பான கரிய கல் ஒன்று கிடைத்தது. இயற்கையாகத் தேய்ந்ததாகத் தெரியவில்லை.

சேலம் நிலவியல்காரர் எழுதியது:

அந்த மாணவியின் கேள்விக்கு நேரான விடை: பொங்கினால் அங்கே கால்சியம் கார்பனேட் இருக்கிறது என்பது மட்டுமே பொருள், அது எங்கே, எப்படி உருவானது என்பதை அமிலம் சொல்லாது.

மேல்மண்ணில் உள்ள வெள்ளைக் குழாய்கள் சுக்கான்கல். நைஸ் பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் மக்கும்போது அதிலுள்ள கால்சியம் நீரில் கரைகிறது. மழை குறைந்த, வெயில் மிகுந்த நம் நிலத்தில் அந்த நீர் ஆழமாக இறங்கிப் போய்விடாமல் மண்ணிலேயே வற்றுவதால், சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடுகிறது. செடியின் வேர் நீரை உறிஞ்சும் இடத்தில் அது வேரைச் சுற்றிப் படிந்து உறையாகிறது. வேர் மக்கியபின் நடுவில் துளை எஞ்சுகிறது. நீங்கள் கண்ட துளை அதுவே. உங்கள் குவாரியில் பழைய உயிரின் வடிவத்தைக் காட்டும் பொருள் ஒன்று உண்டு என்றால் அது இந்த வேர்க்குழாய்தான். ஆனால் அது மண்ணின் வயதை உடையது. அடியில் உள்ள பாறையோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது. அது கிடந்த ஆழத்தையும், மண்ணின் நிறத்தையும், குழாய் செங்குத்தாக இருந்ததா படுத்திருந்ததா என்பதையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

பாறைக்குள் ஓடும் தாள் போன்ற கோடு, விரிசலில் பிற்காலத்தில் நீர் விட்டுச் சென்ற கால்சைட்டாகவே இருக்க வேண்டும். இருப்பினும், கடலுக்கும் நீருக்கும் தொடர்பே இல்லாமல், குழம்பாகவே மேலெழுந்து உறைந்த கார்பனேட் பாறையும் உங்கள் பக்கத்தில் உண்டு. கார்பனடைட் என்னும் அந்த அரிய பாறை ஒகேனக்கல்லிலும், ஊத்தங்கரை வட்டத்தில் சாமல்பட்டியிலும், இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள சேவத்தூரிலும் காணப்படுகிறது. ஒகேனக்கல் பகுதியில் உள்ளது சுமார் 240 கோடி ஆண்டுப் பழைமையானது; சேவத்தூர் அதைவிட மிகவும் இளையது, அங்கே வெர்மிகுலைட் என்னும் அப்பிரகம் போன்ற கனிமம் வெட்டியெடுக்கப்பட்டது. அது மெல்லிய கோடாக இராமல், கரடுமுரடான பெரிய படிகங்களோடும், அபடைட், மேக்னடைட் போன்ற கனிமங்களோடும் திரளாக இருக்கும். சுண்ணாம்பு என்றால் கடல் என்னும் வாய்பாடு நம் பகுதியில் செல்லுபடியாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அரூர் வாசகர் எழுதியது:

மேலே சொல்லப்பட்டவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தருமபுரி மாவட்டத்தில் படிவுப்பாறையே கிடையாது என்று மாணவர்கள் எழுதிவைத்துவிடக் கூடாது. எங்கள் தீர்த்தமலையில், மேக்னடைட் என்னும் காந்த இரும்புக் கனிமமும் வெங்கச்சங்கல்லும் மாறி மாறி வரும் இரும்புப்பாறை உள்ளது; சேலம் கஞ்சமலையில் இருப்பதும் அதே வகை. இது ஆதியில் நீருக்கடியில் இரும்பும் சிலிக்காவும் படிந்து உண்டான உண்மையான அடுக்கு. பிறகு மற்றப் பாறைகளோடு சேர்ந்து வெந்து உருமாறியது. எனவே அந்த அடுக்கு படிவின் அடுக்குதான், ஆனால் அதிலும் வடிவத்தோடு எஞ்சிய உயிர்த்தடயம் கிடையாது. காந்தத்தைக் கொண்டு சென்றால் அந்தக் கல்லை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வழவழப்பான கரிய கல்லை மட்டும் உடனே பத்திரப்படுத்துங்கள். அது புதிய கற்காலக் கற்கோடரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நம் பகுதியில் அவை பெரும்பாலும் டோலரைட் போன்ற கருங்கல்லில் செதுக்கித் தேய்த்துச் செய்யப்பட்டவை; பல கிராமங்களில் இன்றும் அவற்றைப் பிள்ளையார் கோவில் மரத்தடியில் வைத்து வழிபடுகிறார்கள். பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், புதிய கற்கால மண்ணடுக்குக்குமேல் இரும்புக்கால அடுக்கு இருப்பது வெளிப்பட்டது. அங்குள்ள இரும்புக்காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே உங்கள் சுவரில், பாறைக்குமேல் உள்ள அந்த மண்ணும் ஒரு வகையில் அடுக்குதான். கீழே உள்ளது வெந்தது, மேலே உள்ளது படிந்தது.

கல்லைக் கழுவாமல், தேய்க்காமல், கிடைத்த இடத்தின் படத்தோடு மாவட்டத் தொல்லியல் அலுவலரிடமோ, கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ காட்டுங்கள். அந்த மேல்விளிம்பை மேற்கொண்டு தோண்ட வேண்டாம். பானை ஓடுகள் தெரிகின்றனவா என்று மேற்பரப்பில் மட்டும் பாருங்கள்.

பர்கூர் கல்வேலைக்காரர் எழுதியது:

மாணவர்களை அழைத்துச் செல்வதைப் பற்றி ஒரு வார்த்தை, அம்மா. கைவிடப்பட்ட குவாரியில் இரண்டு இடங்களுக்குப் போகக் கூடாது: சுவரின் மேல்விளிம்பு, சுவரின் அடி. கிடைவிரிசலோடு செங்குத்து விரிசலும் சேரும் இடத்தில் கல் எப்போது வேண்டுமானாலும் கழன்று விழும். மழைக்குப் பிறகு ஆபத்து இன்னும் அதிகம். குவாரிப் பள்ளத்தில் தேங்கிய நீர் கரையோரத்திலேயே படிக்கட்டு வெட்டியது போல நேராக இறங்கும் ஆழம் கொண்டது. நீந்தத் தெரிந்தவர்களும் மாண்டிருக்கிறார்கள். சுவரை எதிர்க்கரையிலிருந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். கையில் எடுத்துப் பார்ப்பதற்குக் குவாரிக்கு வெளியே கொட்டிக் கிடக்கும் கழிவுக்கல் மேடே போதும். சுவரில் உள்ள எல்லா வகைக் கல்லும் அங்கே உடைந்து கிடக்கும். நிலம் யாருடையது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே செல்லுங்கள்.